நாலு நாளும் நாற்பது நாளும்

ஜனவரி 7

தம்பிக்கு,

நீ பஸ் ஏறிப் போய் இரண்டு நாள் ஆகிறது. குளியலறைக் கொக்கியில் உன் துண்டு இன்னும் தொங்குகிறது. எடுத்து மடிக்கப் போனேன். மடித்து என்ன, ஐந்து வாரத்தில் மறுபடி வந்து நிற்பானே என்று விட்டுவிட்டேன்.

போனில் பேசினால் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதோடு நமக்குப் பேச்சு தீர்ந்துவிடுகிறது. அதிலும் உன் பக்கம் பம்ப் சத்தம். அதனால் வழக்கம்போல் எழுதுகிறேன்.

போன வருஷம் நீ ஒன்பது முறை வந்தாய். ஜூனில் வரவேண்டியது காய்ச்சல் என்று நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் நாலு நாள். அந்த நாலு நாளைப் பிரித்துப் பார். முதல் நாள் முழுக்கத் தூக்கம். இரண்டாம் நாள் என் வீட்டுக் குழாய்களையெல்லாம் கழற்றி மாட்டுகிறாய், யார் கேட்டார்களோ தெரியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம்தான் பேச உட்காருகிறோம். பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் "என் பையை எங்க வச்ச?" என்கிறாய். நாலாம் நாள் உன் உடம்பு மட்டும் என் சோபாவில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு நாற்பது நிமிஷம். பிள்ளைகள் பெஞ்சை இழுத்து, பென்சில் தேடி, அடங்குவதற்கே பத்து நிமிஷம் போய்விடும். கடைசி ஐந்து நிமிஷம் எல்லாக் கண்ணும் மணியின் மேல். அதனால்தான் புதிதாக எதையாவது சொல்லித்தரவேண்டும் என்றால் இரண்டு வகுப்பைச் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்வேன். உன் உதாரணமே சொல்கிறேன். கலங்கின தண்ணீரைத் தொட்டியில் மணிக்கணக்காக அசையாமல் நிறுத்தினால்தான் மண் அடியில் படியும் என்பாய். நீ என் வீட்டில் படிவதற்குள் உன்னைத் திறந்து விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் வருஷத்துக்கு நாற்பது நாள் விடுப்பு. நாலு நாலாகப் பத்து முறை எடுக்கலாம், இல்லை நாற்பதையும் ஒரே மூச்சில் எடுக்கலாம். எது என்று இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக நீ முதல் கட்டத்திலேயே டிக் அடித்துவருகிறாய். இந்த ஒரு வருஷம் இரண்டாவது கட்டத்தில் அடி.

எதற்கு என்று உனக்குத் தெரியும். முப்பத்து நாலு வருஷம் புவியியல் நடத்தினேன். உன் ஊர் ஆற்றைப் புத்தகம் பார்க்காமல் நீலச் சாக்பீஸால் ஒரே இழுப்பில் வரைவேன். ஆனால் உங்கள் நிலையத்தின் பாலத்தைத் தாண்டி அதை நான் பார்த்ததில்லை. அந்த ஆற்றுத் தண்ணீரை ஊருக்கே சுத்தம் செய்து கொடுக்கிற நீயும் தண்ணீர் உள்ளே நுழைகிற இரும்பு வலைக்கு இந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறாய். ஒரே ஆற்றை வைத்துப் பிழைத்த அக்காவும் தம்பியும் அதை முழுசாகப் பார்த்ததில்லை என்றால் வெளியே சொல்லக்கூட வெட்கம். அது பிறக்கிற இடத்திலிருந்து கடலில் கலக்கிற இடம் வரை கூடவே போக வேண்டும். நாற்பது நாள் போதும், பட்டியல் போட்டுவிட்டேன்.

பிறக்கிற இடத்துக்கு மூன்று மணி நேரம் மலை ஏற வேண்டும். அடுத்த வருஷம் முழங்காலில் அறுவை செய்தே தீரணும் என்கிறார் டாக்டர். இந்த வருஷம் ஏறினால்தான் உண்டு.

உன் போன கடிதத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். பத்துக்கு ஆறு.

அக்கா


ஜனவரி 14

அக்காவுக்கு,

திருத்திய கடிதம் வந்தது. ஐம்பத்து நாலு வயசுக்காரனுக்குச் சிவப்பு மையில் ஆறு மார்க் போட்டு அனுப்புகிற அக்கா இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறாள். லீவு கிளார்க் உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பாஸா சார்?" என்று கேட்கிறான்.

நீ தொட்டியைச் சொன்னாய். நான் மணல் படுகையைச் சொல்கிறேன். தண்ணீர் மணல் வழியாக இறங்கி வடியும்போது அழுக்கு மணலில் தங்கும். தினமும் அடியிலிருந்து தண்ணீரைத் திருப்பி அடித்து அந்த மணலைக் கழுவ வேண்டும். மாசத்துக்கு ஒரு தடவை சேர்த்துக் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டால் மூணாம் நாளே அடைத்துக்கொள்ளும். மனுஷனும் அப்படித்தான். ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை உன் சோபாவில் வந்து விழுந்தால் நான் கழுவப்பட்டுப் போகிறேன். ஏழு நாள் சாப்பாட்டையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமையே சாப்பிட்டுவிடு என்று யாராவது சொல்வார்களா?

இன்னொன்று. வருஷத்துக்குப் பத்து லீவு என்றால் பத்து தடவை "அடுத்த வாரம் அக்கா வீடு" என்று நினைக்கலாம். நாற்பது நாள் லீவு என்றால் ஒரே ஒரு தடவைதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன், பெருமை அடிக்கிறான் என்று நினைத்தாலும் சரி. மூன்று லட்சம் பேர் காலையில் குழாயைத் திறக்கிறார்கள். யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை. அதற்கு என் மூக்கும் ஒரு காரணம். வருகிற தண்ணீரைக் குடுவையில் லேசாகச் சூடாக்கி முகர்ந்து பார்ப்பேன். போகிற தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பார்ப்பேன். மீட்டர் நம்பரைச் சொல்லும், சேதியை நான்தான் சொல்வேன். இங்கே என் பேரே 'மூக்கு'தான். "நீங்க இல்லாட்டி இந்த இடம் என்ன ஆகும்னு நினைக்கவே பயமா இருக்கு"ன்னு இன்ஜினியர் எல்லார் முன்னாடியும் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். எண்ணிக்கொண்டேன்.

இருபத்தாறு வருஷத்தில் சேர்ந்தாற்போல் நாலு நாளுக்கு மேல் இந்த இடத்தை விட்டு நான் இருந்ததில்லை. என் வீட்டுக்காரி கண்ணை மூடினபோதும் நாலு நாள்தான். ஐந்தாம் நாள் காலை தொட்டி மேல் நின்றேன். இங்கே வேறு யாருக்கும் அந்தக் கணக்கு கிடையாது.

ஆற்றை உன் வீட்டுச் சுவரில் மாட்டிவைத்துப் பார்ப்போமே.

தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

உன் மணல் உதாரணம் நன்றாக இருந்தது. அதற்காகவே ஏழு போட்டிருக்கிறேன். இதுவரை நீ வாங்கியதில் இதுதான் அதிகம்.

ஆனால் ஐந்தாம் நாள் தொட்டி மேல் நின்றேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எட்டு வருஷமாக அதை நீ மெடல் மாதிரி குத்திக்கொண்டு திரிகிறாய். அவளைப் பற்றி என்னிடம் முழுசாக ஒரு வாக்கியம் நீ பேசியதில்லை. பேச ஆரம்பித்தால் பஸ் நேரம் வந்துவிடும்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை நானும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் வரைபட அலமாரி ஒன்று உண்டு. அறுபத்தொரு வரைபடங்கள், சுருட்டி வைத்தவை. எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டியதில்லை. சாவி என் கைப்பையில். நான் லீவில் இருக்கிற நாளில்கூட ஆள் அனுப்பிக் கேட்பார்கள். "டீச்சர் இல்லாம ஒரு மேப்பைக்கூட எடுக்க முடியலையே" என்று தலைமையாசிரியர் சலித்துக்கொள்வார். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு இனிப்பாக இருக்கும். அதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

ஓய்வு பெற்ற அன்று புது டீச்சரிடம் சாவியைக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு வேலையாகப் பள்ளிக்கூடம் போனேன். அலமாரி வராந்தாவுக்கு வந்திருந்தது. அதன் தலையில் ஒரு பூச்சாடி. "சாவி இருக்காம்மா?" என்று கேட்டேன். "ஐயோ மேடம், இதுவரைக்கும் யாருமே கேட்கலையே" என்று அந்தப் பெண் மேசை முழுக்கத் தேட ஆரம்பித்துவிட்டாள். அவள் ஆற்றைத் திரையில் காட்டுகிறாள். நன்றாகவே காட்டுகிறாள், குறை சொல்ல முடியாது.

பெயர் எழுதி ஒட்டியிருந்தால் அந்த அறுபத்தொன்றில் ஒரு பத்துப் படமாவது சுவருக்கு வந்திருக்கும். ஒட்டாதது நான்தானே?

அதனால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாலு நாள் நீ இல்லாவிட்டால் உன்னைத் தேடுவார்கள். நாற்பது நாள் இல்லாவிட்டால் தேடாமல் பழகிவிடுவார்கள். மணல், சாப்பாடு எல்லாம் சரி. உன் பயம் இதுதானே?

அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

என் வேலையும் உன் அலமாரியும் ஒன்றல்ல. பூகோளப் படம் இல்லாவிட்டால் யாருக்கும் வயிற்றுப்போக்கு வராது.

பயம் என்று எழுதிவிட்டாய். சந்தோஷம். படிவத்தில் முதல் கட்டத்தில் டிக் அடித்து இன்று காலை கொடுத்துவிட்டேன். இந்த வருஷமும் நாலு நாலாகத்தான்.

இந்தக் கடிதத்துக்குச் சிவப்பு மை வேண்டாம்.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

நீ கேட்டபடி திருத்தவில்லை. திருத்தப் பிழையும் இல்லை. கோபத்தில் நீ நன்றாக எழுதுகிறாய்.

ஜூன் ஒன்றாம் தேதி நான் மட்டும் கிளம்புகிறேன். கைத்தடி வாங்கிவிட்டேன். கடைக்காரர் "யாருக்கு மேடம்?" என்று கேட்டார். "ஒரு மலைக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஜூனில் நீ வந்தால் நான் வீட்டில் இருக்க மாட்டேன். சாவி எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருக்கும். துண்டு கொக்கியிலேயே இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 25

அக்காவுக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன ஜூனில் எனக்குக் காய்ச்சல் இல்லை. மேகம் இருந்தது.

உனக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். வெயில் காலம் முடிந்து முதல் மழை மேலே எங்கேயோ பெய்யும். மூன்று நாளில் அந்தத் தண்ணீர் எங்கள் இடத்துக்கு வரும். சேறாக வரும். சேறு வந்த பிறகு, மண்ணைப் படிய வைக்கிற படிகாரத்தைக் கூட்டினால் காலம் கடந்துவிடும், தொட்டி முழுக்கக் கலங்கிப்போகும், அன்றைக்கு ஊருக்கே மண்தண்ணீர்தான். ஆனால் சேறு வருவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் தண்ணீரின் வாசனை மாறும். மீட்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்போதே படிகாரத்தைக் கூட்டிவிடுவேன். சேறு வரும்போது நான் தயாராக நிற்பேன். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள்.

இருபத்தாறு வருஷமாக அந்த ஒரு நாளை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. லீவு போட நான் காலண்டரைப் பார்ப்பதில்லை, மேகத்தைப் பார்க்கிறேன். நாலு நாள் என்றால் வானத்தைப் பார்த்து ஒரு மாதிரி கணக்குப் போட்டுவிடலாம். நாற்பது நாளுக்குக் கணக்குப் போட முடியாது. அக்கா, நீ பயம் என்று எழுதினாய். பயம்தான்.

உன் பூச்சாடி என்னை விடவில்லை. போன வாரம் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அங்கே எனக்கு அடுத்த நிலையில் இருக்கிற அம்மா, எட்டு வருஷ சர்வீஸ், இரண்டு பிள்ளைக்குத் தாய். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பதால் பேரே 'கேள்வி'. ஆறு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு படிகாரம் போட்டு எது தெளிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் மழை வந்தா என்ன செய்வே?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். எட்டு வருஷமா முதல் மழைக்கு நீங்கதான் டூட்டி. நான் ஒரு முதல் மழையைக்கூடக் கிட்ட இருந்து பார்த்ததில்ல."

"கேட்டிருக்கலாமே."

"எட்டு தடவை கேட்டேன் சார். எட்டு தடவையும் 'அனுபவம்மா'ன்னு சொன்னீங்க."

அவளுக்கு எண்ணுகிற பழக்கம் உண்டு. எனக்கும் உண்டுதான்.

லீவு கிளார்க்கிடம் போய்ப் படிவத்தை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "கொடுத்தது கொடுத்ததுதான் சார். நாற்பது நாள் எழுதின யாராவது உங்ககூட மாத்திக்கிட்டா உண்டு" என்றான். இந்த வருஷம் நாற்பது நாள் எழுதினது ஒரே ஒரு ஆள். கேள்வி. பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று எழுதியிருக்கிறாள். எப்படிக் கேட்பது? இரண்டு நாள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவளே கேட்டாள்: "என்ன சார், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

சொன்னேன். உன்னையும், மலையையும், முழங்காலையும் சொன்னேன்.

"உங்க மூக்கை எனக்குக் கொடுங்க. என் நாற்பது நாளை எடுத்துக்குங்க" என்றாள்.

"மூக்கை எப்படிம்மா கொடுக்கிறது?"

"எழுதிக் கொடுங்க."

இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். நூறு பக்க நோட்டு. இருபது பக்கம் ஆகிவிட்டது. எனக்கு எழுத வராது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? முடித்ததும் அனுப்புகிறேன். சிவப்பு மை வேண்டாம் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் போடு.

ஜூன் ஒன்றுக்கு இன்னொரு டிக்கெட் கிடைக்குமா?

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

டிக்கெட் அன்றே எடுத்துவிட்டேன். ஜன்னல் சீட் எனக்கு.

நோட்டைத் திருப்பி அனுப்புகிறேன். பதினெட்டு நாள் வைத்திருந்தேன். மூன்று முறை படித்தேன். முதல் முறை சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நாலாம் பக்கத்தில் மூடியைப் போட்டுவிட்டேன்.

"முதல் மழைக்கு முன்னால் வருகிற தண்ணீர்: ரொம்ப நாள் திறக்காத புத்தகத்தைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. இரண்டாம் மழை: நனைந்த சாக்கு. பாசி பிடித்த தண்ணீர்: மழை நின்ற பிறகு தோட்டத்து மண்." இதை எழுதினவனா எனக்கு வருஷக்கணக்காக 'இங்கு நலம், அங்கு நலமா' என்று எழுதியவன்?

"குடிக்கிற தண்ணீரை வாயில் வைத்து ஐந்து எண்ணவும். விழுங்கிய பிறகு மூக்கால் மூச்சு விடவும். சேதி அப்போதுதான் வரும்." இதைப் படித்தவுடன் சமையலறைக்குப் போய்ச் செய்து பார்த்தேன். எனக்கு ஒரு சேதியும் வரவில்லை. பழக வேண்டும் போலிருக்கிறது.

"சளி பிடித்திருந்தால் மறைக்காதே. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு முகரச் சொல். வெட்கமில்லை. ஒரு வருஷம் நான் மறைத்தேன். அன்றைக்குத் தப்பித்தது அதிர்ஷ்டம்." இதை எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் எழுத்து சின்னதாகிவிட்டது.

எழுத்துப்பிழைகள் இருக்கின்றன. விட்டுவிட்டேன். கேள்வி அம்மாவுக்குத் தண்ணீர் புரிந்தால் போதும்.

ஒரே ஒரு இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருக்கிறேன். கடைசிப் பக்கம். "சந்தேகம் இருந்தால் எந்த நேரமும் என்னைக் கூப்பிடவும்" என்று எழுதி, போன் நம்பரைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. என் கைப்பையில் இருந்த சாவி ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். வைப்பதும் அடிப்பதும் உன் இஷ்டம்.

நல்ல செருப்பு வாங்கு. உன் பழைய செருப்போடு நான் எந்த மலைக்கும் வர மாட்டேன்.

அக்கா


ஜூலை 19

அக்காவுக்கு,

வந்து எட்டு நாள் ஆகிறது. காலில் இன்னும் மலை இருக்கிறது. உன் முழங்கால் எப்படி?

முதலில் நிலையத்துச் சேதி. நாற்பத்தோராம் நாள் காலை உள்ளே நுழைந்தேன். யாராவது ஓடிவந்து "சார், நீங்க இல்லாம..." என்று ஆரம்பிப்பார்கள் என்று நினைத்தேன். காவலாளி "வாங்க சார்" என்றார். கேள்வி குவளை கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"நல்லா இருந்துச்சு சார். உங்களுக்கு?"

அவ்வளவுதான். நேராகப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். ஜூன் பதினைந்தைத் தேடினேன்.

ஜூன் பன்னிரண்டு உனக்கு நினைவிருக்கும். மலையடிவார விடுதியில் உட்கார்ந்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. முதல் மழை. என் ஆயுசில் அது பெய்கிற இடத்தில் நான் நின்றது அன்றைக்குத்தான். எழுந்து போய்க் கையை நீட்டினேன். இந்தத் தண்ணீர் மூன்று நாளில் அங்கே போய்ச் சேரும் என்று மனசு கணக்குப் போட்டது. போனைக் கையில் எடுத்தேன். அந்தக் கடைசிப் பக்க வரியை ஜூன் ஒன்றாம் தேதி காலை, பஸ் ஏறுவதற்கு முன் நானே அடித்துவிட்டுத்தான் நோட்டை அவளிடம் கொடுத்தேன். ஆனால் நான் கூப்பிடக்கூடாது என்று எங்கும் எழுதவில்லையே! நீ மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். அரை மணி நேரம் கண்ணாடி துடைக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் போனைப் பைக்குள் போட்டேன். "டீ குடிக்கலாமா?" என்றாய். உன்மேல் அப்போது எனக்கு வந்த கோபத்தை இப்போதுதான் சொல்கிறேன்.

பதிவேட்டில் அவள் எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"ஜூன் 15. காலை 6.10. பழைய புத்தகம். உறுதி செய்ய இருவர் முகர்ந்தோம். படிகாரம் கூட்டப்பட்டது. காலை 9.40. கலங்கல் வந்தது. வெளியேறும் தண்ணீர் தெளிவு."

மூன்றரை மணி நேரம், அக்கா. இருபத்தாறு வருஷத்தில் என்னுடைய அதிகபட்சம் மூன்று மணி நேரம்.

பத்து நிமிஷம் எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைக்க மாட்டேன். பிறகு இன்ஜினியர் வந்தார். என் முகத்தைப் பார்த்து, "என்ன, கறுத்துட்டீங்க? லீவுல போயிருந்தீங்களா? நான் கவனிக்கவே இல்லையே" என்றார்.

இத்தனை வருஷமாக நான் பயந்த வாக்கியம் அதுதான். கேட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. படியேறித் தொட்டி மேல் போய் நின்றேன். மூன்று லட்சம் பேர் குழாயைத் திறந்து மூடியிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அது என் நோட்டு. அவள் மூக்கு. என் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்தது என்றால், கீழே நின்ற லீவு கிளார்க் "சார், பாத்து, பின்னாடி விழுந்துடாதீங்க" என்று கத்தினான்.

கேள்விக்கு இந்த வருஷம் என்னுடைய நாலு நாள் லீவுகள். இரண்டு எடுத்துவிட்டாள். "பிள்ளைங்களுக்கு ஜாலி சார். ஆனா அம்மா என்னை விருந்தாளி மாதிரி நடத்துறாங்க, ஒரு பாத்திரத்தைத் தொட விடல" என்கிறாள். அடுத்த வருஷம் அவளுக்கு நாற்பது. நான் பழையபடி நாலு நாலாக. இருவரும் பேசிவிட்டோம். எந்த மாதம் போவது என்று அவள் மேகத்தை வைத்து இப்போதே கணக்குப் போடுகிறாள். திட்டினேன்.

ஒரு கேள்வி. நோட்டை நீ மூன்று முறை படித்தாய். மார்க் போடாமல் அனுப்பிவிட்டாய். நாற்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்தும் நான் கேட்கவில்லை, கேட்க ரோஷம் விடவில்லை. எத்தனை?

தம்பி


ஜூலை 28

தம்பிக்கு,

முழங்காலுக்கு நாள் குறித்தாயிற்று. டாக்டரிடம் மலையேறின கதையைச் சொன்னேன். திட்டிவிட்டு, அது பிறக்கிற இடம் எப்படி இருக்கும் என்று கேட்டார். "ஒரு பாறை இடுக்கு. என் துண்டைப் பிழிந்தால் அதைவிட அதிகமாகத் தண்ணீர் வரும்" என்றேன். முப்பத்து நாலு வருஷம் தடித்த நீலக் கோட்டில் தொடங்கி வரைந்தேன். அங்கே கோடே இல்லை, வெறும் ஈரம். அதன் முன் நின்றபோது எனக்கு அழுகை வந்தது, நீ பார்க்காத மாதிரி செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாய். நாம் இரண்டு பேருமே பார்க்காத மாதிரி இருப்பதில் கெட்டிக்காரர்கள்.

இருபத்து மூன்றாம் நாள் நாம் சண்டை போட்டது பற்றி நீ எழுதவில்லை. நானே எழுதுகிறேன். இரண்டு ஆறு கூடுகிற இடத்தைப் பார்க்க நான் நேரம் குறித்து வைத்திருந்தேன். நீ யாருடைய பம்ப் ஹவுஸிலோ போய் உட்கார்ந்துவிட்டாய். "இது சுற்றுலாவா, பள்ளிக்கூடமா? மணி அடிச்சா எந்திரிக்கணுமா?" என்று கத்தினாய். இரண்டு நாள் நாம் பேசவில்லை. நாலு நாள் லீவாக இருந்தால் அந்தச் சண்டையை ஒத்திப்போட்டுவிட்டு நீ பஸ் ஏறியிருப்பாய், நான் துண்டை மடிக்காமல் விட்டிருப்பேன். அங்கே போக இடமில்லை. ஒரே அறை, ஒரே ஜன்னல். இருபத்தைந்தாம் நாள் மத்தியானம் நீ ஆற்றைப் பார்த்தபடி, "அஞ்சாம் நாள் நான் வேலைக்குப் போனது தைரியம் இல்லக்கா. வீட்டுக்குள்ள நிக்க முடியல" என்றாய். பிறகு சாயங்காலம் வரை அவளைப் பற்றிப் பேசினாய். எட்டு வருஷம் காத்திருந்த பேச்சு. என் கட்சி ஜெயித்தது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம், வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் நியாயமாக இன்னொன்றையும் சொல்கிறேன். திரும்பி வந்து வீட்டைத் திறந்தபோது, ஐந்து வாரத்தில் நீ வருவாய் என்று எண்ண எதுவும் இல்லை. எண்ணாமல் இருப்பது எவ்வளவு வெறுமை என்று இப்போதுதான் தெரிகிறது. அதனால் அடுத்த வருஷம் நாலு நாலாகவே வா. குழாய்களைக் கழற்று. ஒன்றும் சொல்ல மாட்டேன். கேள்வி அம்மாவின் மூன்றரை மணி நேரத்தை எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்குச் சொன்னேன். மளிகைக் கடையில் சொன்னேன். டாக்டருக்கும் சொன்னேன். "அந்த நோட்டை எழுதினது யார் தெரியுமா?" என்றுதான் எல்லா இடத்திலும் முடித்தேன்.

மார்க் கேட்டாய். மார்க் போட, சொல்லிக்கொடுத்தவள் நானாக இருக்க வேண்டும். அந்த நோட்டின் முன் நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சில் இருப்பவளிடம் சிவப்புப் பேனா இருக்கக்கூடாது. இன்னும் பாடம் முடியவில்லை, தினமும் காலையில் பயிற்சி செய்கிறேன். இன்று குழாயைத் திறந்தேன். ஒரு வாய் எடுத்து ஐந்து எண்ணினேன். விழுங்கிவிட்டு மூக்கால் மூச்சு விட்டேன். முதல் முறையாகச் சேதி வந்தது. குளோரின் ஒரு பிடி அதிகம். எங்கள் ஊர் நிலையத்தில் யாரோ லீவில் போயிருக்கிறார், பாவம், நோட்டு எழுதி வைக்காமல்.

அக்கா